ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த பிறகு நீ கேட்ட கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

கலியாணத்துக்கு முன், சைவப் பிள்ளையான நீ ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று பெண் வீட்டார் சொல்வதாக எழுதியிருந்தாய். "ஒருவரை வற்புறுத்தி வேதத்தில் சேர்க்க முடியுமா அன்ரி?" என்று கேட்டிருந்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வரியில் பதிலையும் நீயே எழுதிவிட்டாய்: தலையில் கொஞ்சம் தண்ணீர் விடுவதால் உனக்கு ஒரு நட்டமும் இல்லையாம், உள்ளுக்குள் நீ பழைய ஆளாகவே இருப்பாயாம். உன் பெயர் போடாமல் எல்லோரும் வாசிக்கும்படி பதில் எழுதலாமா என்று கேட்டேன், சம்மதித்தாய். நன்றி. இதே நெருக்கடியில் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நான் பிறந்ததிலிருந்து வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள். உனக்கு விசுவாசம் வந்தால் மிகவும் சந்தோஷப்படுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் இந்த ஞானஸ்நானத்தை எடுக்காதே என்றுதான் சொல்லப்போகிறேன்.

"நட்டமில்லை" என்ற உன் கணக்கை நம் ஊர் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு வாளை உருவிக்கொண்டு வீடு வீடாகப் போய் மதம் மாற்றவில்லை. அவர்கள் வியாபாரிகள், கணக்குப் புத்தகத்தால் காரியம் பார்த்தார்கள். முதலியார் என்ற உள்ளூர் அதிகாரிப் பதவி வேண்டுமென்றால் அவர்களுடைய சீர்திருத்த (புரட்டஸ்தாந்து) சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். அரசாங்கக் காணியைக் குத்தகைக்கு எடுக்கவும் அதுவே நிபந்தனை. ஒவ்வொரு கோயிற்பற்றிலும், அதாவது ஒவ்வொரு பங்கிலும், பள்ளிக்கூடம் வைத்தார்கள். பிள்ளையை அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் கட்ட வேண்டும். ஞானஸ்நானமும் கலியாணமும் தோம்பு என்ற பள்ளிக்கூடப் பதிவேட்டில் பதியப்பட்டன. தோம்பில் பெயர் ஏறாத பிள்ளை, தான் முறையாகப் பிறந்த பிள்ளை என்று காட்டி முதுசொம் (பரம்பரைச் சொத்து) கேட்பது எளிதல்ல. யாழ்ப்பாணத்தானைக் காணியில் கைவைத்தால் பிடித்துவிடலாம் என்று வந்த சில வருடங்களிலேயே கண்டுகொண்டார்கள்.

சனங்கள் உன்னைப் போலத்தான் யோசித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கர்த்தருடைய ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் மனப்பாடமாக ஒப்புவித்தார்கள். வீட்டில் விரதம் தொடர்ந்தது. விரதச் சோறு சாப்பிட்ட வாழையிலை வெளியே கிடந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூரை இறப்பில் செருகி மறைப்பார்களாம். உன் அம்மம்மாவைக் கேள், அவரும் இந்தக் கதையைச் சொல்வார். இப்போதுள்ள நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1734 அளவில் கட்டுவித்தவர் ஒல்லாந்தர் கச்சேரியில் (அரச அலுவலகத்தில்) சிறாப்பராக, அதாவது காசாளராக, இருந்தவர். அவருடைய முழுப்பெயர் தொன் யுவான் இரகுநாத மாப்பாண முதலியார். அந்தப் பெயரின் முன்பாதி கச்சேரிக்கு, பின்பாதி கந்தனுக்கு என்று நான் வகுப்பில் சொல்லிச் சிரித்ததுண்டு.

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் பழைய நிர்ப்பந்தங்கள் தளர்ந்தன. தோம்பில் நிரம்பி வழிந்த கிறிஸ்தவர்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை, அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். கிறிஸ்தவர்களாக இருப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் ஒல்லாந்தர் விட்டுப்போன கிறிஸ்தவக் கோயில்களைப் பார்த்தபோது அவற்றுக்குக் கூரை இல்லை. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த வற்புறுத்தலுக்கு இதுதான் பலன்.

இவ்வளவோடு நிறுத்தினால் என் கட்சிக்கு நல்லது. ஆனால் நீ கெட்டிக்காரன், கத்தோலிக்கரைப் பற்றிக் கேட்பாய். கத்தோலிக்கரான போர்த்துக்கேயரும் சும்மா இருக்கவில்லை. 1621இல் பழைய நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். அவர்கள் காலத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்களில் பயத்துக்கு எடுத்தவரும் உண்டு, பதவிக்கு எடுத்தவரும் உண்டு. அப்படியானால் அந்தக் கத்தோலிக்கமும் ஒல்லாந்தர் வந்தவுடன் கரைந்திருக்க வேண்டும் அல்லவா? கரையவில்லை. குருமார் துரத்தப்பட்டார்கள், கோயில்கள் பறிக்கப்பட்டன, கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. ஆனாலும் வீடுகளுக்குள் செபம் தொடர்ந்தது. 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் என்ற கத்தோலிக்கக் குரு பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில்லாலைக் கிராமத்தில் ஒளிந்திருந்து இரவில் பூசை ஒப்புக்கொடுத்தார். 1689 நத்தார் (கிறிஸ்துமஸ்) இரவில் ஒல்லாந்தர் பாய்ந்து பலரைப் பிடித்தார்கள். பிடிபட்டவர்கள் அடியும் சிறையும் பட்டார்கள். இவர்களில் எத்தனை பேருடைய பாட்டன் மனமில்லாமல் தலையைக் குனிந்தவனோ, யார் அறிவார்?

ஆகவே வற்புறுத்தியதால் ஒருவரும் கிறிஸ்தவர் ஆகவில்லை என்று என்னால் மார்தட்டிச் சொல்ல முடியாது. முதல் தலைமுறையின் பொய் மூன்றாம் தலைமுறையில் மெய்யாகிவிடுவதும் உண்டு. ஆனால் இடையில் என்ன நடந்தது என்பதைப் பார். அந்தச் சனங்களோடு சேர்ந்து பட்டினி கிடக்கவும் பிடிபடவும் துணிந்த ஒருவர் வந்தார். ஒல்லாந்தரிடம் போதகர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தார்கள். மிச்சத்தை வாத்தியாரும் தோம்பும் பார்த்துக்கொண்டன. பாட்டனை வளைத்த நிர்ப்பந்தம் பேரனைச் சில்லாலையில் இரவு பூசைக்கு அனுப்பியிருக்காது.

எங்கள் குடும்பக் கதையும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் அமெரிக்க மிஷன் காலத்தில் வேதத்தில் சேர்ந்தவர்கள். மிஷன் விடுதிப் பள்ளியில் சோறு, உடுப்பு, படிப்பு எல்லாம் இலவசம். பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயரையே பிள்ளைக்கு வைப்பதும் நடந்தது. எங்கள் பூட்டனார் சோற்றுக்குச் சேர்ந்தாரா இயேசுவுக்குச் சேர்ந்தாரா என்று எங்களுக்குத் தெரியாது. ஊரில் முதலாவதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் வெட்கமில்லை. என் விசுவாசம் அவர் சாப்பிட்ட சோற்றிலிருந்து வந்ததல்ல. அதே மிஷன் காலத்தில் நல்லூர் ஆறுமுகம்பிள்ளை மெதடிஸ்த பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பார்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் வருடக்கணக்காக உதவினார். நம் ஊரில் அவரளவு வேதாகமத்தை ஆழ்ந்து படித்தவர்கள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் திருநீற்றை அழிக்கவில்லை. 1848இல் வெளியே வந்து வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கி, ஆறுமுக நாவலராக எங்கள் ஆட்களை உண்டு இல்லை என்று பண்ணினார். அவரை ஒருவரும் மாற்ற முடியாமற்போனது எனக்கு மிகவும் பிடிக்கும். இதைக் கோயிலில் சொன்னால் முறைக்கிறார்கள்.

இனி உன் விஷயம். உன்னை யாரும் மிரட்டவில்லை, அதுதான் சங்கடம். மிரட்டியிருந்தால் நீ உன் அப்பாவைப் போல எழுந்து போயிருப்பாய். பெண்ணின் தாயார் உனக்காக உபவாசம் இருக்கிறார், தகப்பனார் உன்னை மகன் என்கிறார், போதகர் மூன்று கிழமையில் ஆயத்த வகுப்பை முடித்துத் தருகிறேன் என்கிறார், மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று. இத்தனை அன்புக்கு நடுவே மாட்டேன் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. சட்டம் உன் பக்கம்தான்: விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் தழுவவும் உனக்குள்ள சுதந்திரத்தை இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சொல்கிறது. 2004இல் கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கிறோம் என்று ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்து, உயர் நீதிமன்றம் அதன் சில பிரிவுகளைக் குறைசொல்லி, கடைசியில் சட்டமாகாமலே போயிற்று. ஆகியிருந்தாலும் மாமியாரின் கண்ணீரை எந்தப் பொலிஸில் முறையிடுவாய்?

அவர்கள் உனக்குக் காட்டிய வசனம் எனக்குத் தெரியும்: அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது. அதை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த வசனத்தைக் கைக்கொள்வதென்றால், உன்னைப் பெண்ணுக்குப் பொருத்தமில்லை என்று நேராகச் சொல்ல வேண்டும். விசுவாசியாத உன்னை அவசரமாக நனைத்து விசுவாசி என்று எழுதிக்கொள்ள அது இடங்கொடுக்கவில்லை. எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைக் கண்டு "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று கேட்டபோது பிலிப்பு சொன்ன பதில் எங்கள் வேதாகமத்தில் இப்படி இருக்கிறது: "நீர் முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை." உன் போதகரும் இதே கேள்வியை உன்னிடம் சபையின் முன் கேட்பார். ஆம் என்று நீ சொல்ல வேண்டியிருக்கும், அவள் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நட்டமில்லை என்றாயே, இதைக் கணக்கில் சேர். எங்கள் சபைகளில் ஞானஸ்நானம் ஒரே ஒரு தடவைதான். நாற்பது வயதில், ஏதாவது ஒரு துக்கத்திலோ சந்தோஷத்திலோ, உனக்கு உண்மையாகவே விசுவாசம் வரலாம். அன்று போய் நின்றால், நீ ஏற்கெனவே பெற்றுவிட்டாய் என்று திருப்பி அனுப்புவார்கள். மண்டப முற்பணத்துக்காக அதைச் செலவழித்துவிடாதே. இன்னொன்று, இனி நீ கோயிலுக்கு வராத ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் இருவருக்கும் இடையில் ஒரு வழக்காகும். இப்போது நீ வராவிட்டால் சைவப் பிள்ளை வரவில்லை, அவ்வளவுதான்.

உன் அம்மாவுக்கும் ஒரு வரி. கோயிலில் ஐயர் முன்னிலையில் தாலி கட்டினால்தான் மருமகள் என்று அவர் சொல்வதும் இதே சாமான்தான், பொட்டு வைத்திருக்கிறது.

செய்யக்கூடியது இருக்கிறது. விவாகப் பதிவாளரிடம் எழுத்து (பதிவுத் திருமணம்) முடிப்பதற்கு இருவரும் ஒரே மதமாக இருக்கத் தேவையில்லை. எழுத்துக்குப் பிறகு ஜெபித்து ஆசீர்வதிக்கச் சம்மதிக்கும் போதகர்களும் உண்டு, சம்மதிக்காதவர்களும் உண்டு, கேட்டால்தான் தெரியும். பெரியவர்களிடம் போவதற்கு முன் நீ அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். உன் கடிதம் முழுவதும் அவளுடைய தாய், தகப்பன், போதகர் என்ன சொன்னார்கள் என்று இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்பது எங்குமே இல்லை. இன்னும் அவளிடம் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு, இருவருமாக ஒரு பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள். அவள் விரும்பினால் போதகரிடம் நானே போய்ப் பேசுகிறேன். அவர் என்னிடம் படித்தவர்தான்.

அன்புடன்,
அன்ரி