நான்காவது பெயர்

அன்புள்ள கதிர்,

நீ போனில் சொன்னதற்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். உனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. உன் அப்பா வேறு பக்கத்தில் நின்று "விட்டுட்டு வரச் சொல்லு" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். அதனால் எழுதுகிறேன். கல்லூரி டென்னிஸ் அணியின் ஆறு ஒற்றையர் இடங்களில் ஒன்றுகூட உனக்கு இல்லை, மூன்றாவது டபுள்ஸில் மட்டும்தான் இறக்குகிறார்கள், அதற்குப் பதில் அணியை விட்டு விலகித் தனியாகப் போட்டிகளுக்குப் போய்த் தரவரிசைப் புள்ளி சேர்க்கலாம் என்கிறாய். யோசிக்க வேண்டிய விஷயம்தான், உடனே தள்ளிவிடுகிற பேச்சு இல்லை. ஆனால் முடிவெடுக்கும் முன்னால் ஆசிய விளையாட்டில் ஒரு காலத்தில் இருந்த ஆண்கள் அணிப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுக்கொள். நீ பார்க்க வாய்ப்பில்லாமலே போன போட்டி அது.

1994இல் ஹிரோஷிமாவில் இந்தியாவுக்குக் கிடைத்தது மொத்தமே நான்கு தங்கம். ஒன்று கபடி, இன்னொன்று துப்பாக்கி சுடுதலில் ஜஸ்பால் ராணா. மீதி இரண்டும் டென்னிஸ்: லியாண்டர் பயஸ், கௌரவ் நடேகர் ஜோடிக்கு இரட்டையர் தங்கம்; அதோடு ஆண்கள் அணித் தங்கம். நாடே கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் கண்ணெடுத்துப் பார்க்காத நாட்களில், பாதித் தங்கத்தை டென்னிஸ்காரர்கள் கொண்டுவந்தார்கள். அணியில் நான்கு பேர்: பயஸ், நடேகர், ஜீஷான் அலி, ஆசிப் இஸ்மாயில். பயஸை உனக்குத் தெரியும். ஜீஷானை, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் நம் அணியின் பிற்காலத்துப் பயிற்சியாளராகத் தெரிந்திருக்கும். நடேகர், பாட்மின்டன் வீரர் நந்து நடேகரின் மகன். ஆசிப் இஸ்மாயில் யார் என்று உன் டென்னிஸ் நண்பர்களிடம் கேட்டுப் பார், எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று. ஆனால் நான்கு பேரும் வாங்கியது ஒரே தங்கம். நான்காவது பெயருக்கு எடை குறைந்த பதக்கம் என்று எதுவும் கிடையாது.

இதை உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் போட்டி நடக்கும் விதத்தைப் பார்த்தால் உனக்கே புரியும். இரண்டு நாடுகள் மோதினால் மூன்று ஆட்டம்: இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர். எதில் வேண்டுமானாலும் இரண்டை ஜெயித்தவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். பெரிய ஆட்டக்காரன் ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தாண்ட முடியாது. அவன் தன் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தாலும் கையில் இருப்பது ஒரு புள்ளிதான். இன்னொன்றை வேறு யாராவது எடுத்துத் தர வேண்டும். எதிரணியிலும் அப்படி ஒரு பெரியவன் இருப்பான், முதல் இடத்து ஆட்டம் எந்தப் பக்கமும் போகலாம். அதனால் இரண்டாம் இடத்துக்காரனும் டபுள்ஸும்தான் பல மோதல்களை முடித்துவைக்கும்.

ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகி, டபுள்ஸில் முடிவாகும் நிலை வரும் பார், அதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒற்றையரில் மூன்று செட் ஆடிக் கால் கனத்துப்போன முதல்வனைத் திரும்ப இறக்குவதா, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த புதுக் காலை இறக்குவதா என்று கேப்டன் முடிவு செய்தாக வேண்டும். நான் கல்லூரிக்கு ஆடியபோது இந்தப் புதுக் கால் பெரும்பாலும் நானாகத்தான் இருந்தேன். காலையிலிருந்து நாற்காலியைத் தேய்த்துவிட்டு, சாயங்காலம் எல்லாருடைய பார்வையும் முதுகில் இருக்க செர்வ் போடுவது தனிப் பழக்கம். ஒற்றையர் மட்டும் ஆடுகிறவர்களுக்கு அது வராது. இந்திய டென்னிஸின் பெரிய கதைகளில் பாதி டபுள்ஸ் கதைகள்தான். 1966 டேவிஸ் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றோம். அந்த ஒரு புள்ளி, ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம், ரோச் ஜோடியை வென்றது. பயஸும் பூபதியும் டேவிஸ் கோப்பை டபுள்ஸில் தொடர்ந்து 24 ஆட்டம் ஜெயித்தார்கள், அது சாதனை. அந்த வருஷங்களில் நம் ஒற்றையர் ஆட்டக்காரர்கள் பட்ட பாட்டை நினைத்தால், டபுள்ஸ் புள்ளி முன்கூட்டியே கையில் இருந்தது எவ்வளவு பெரிய தெம்பு!

2010 ஆசிய விளையாட்டு, சீனாவின் குவாங்சோவில். உனக்கு அப்போது ஐந்து வயது, டிவி முன்னால் தூங்கிப்போனாய். சோம்தேவ் தேவ்வர்மன் ஒற்றையரில் தங்கம், சனம் சிங்கோடு இரட்டையரில் தங்கம். பேப்பரெல்லாம் அதைத்தான் எழுதின. அதே ஊரில் ஆண்கள் அணிக்கு ஒரு வெண்கலமும் கிடைத்தது: சோம்தேவ், சனம், கரண் ரஸ்தோகி, விஷ்ணு வர்தன். அங்கே அரையிறுதியில் தோற்கும் இரண்டு அணிக்கும் வெண்கலம், மூன்றாம் இடத்துக்கென்று தனி ஆட்டம் இல்லை. தங்கம் சீன தைபேக்குப் போனது. சோம்தேவும் சனமும் நீ இப்போது ஆடுகிற அதே அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் ஆடியவர்கள், இருவருமே வர்ஜீனியா பல்கலைக்கழகம். சோம்தேவ் அங்கே 2007, 2008 இரண்டு வருஷமும் கல்லூரிகளுக்கான தேசிய ஒற்றையர் பட்டம் வாங்கினார்.

அடுத்து 2014, இஞ்சியோன். உன் கேள்விக்கு நேராக வருவது இதுதான். சோம்தேவ், பயஸ், போபண்ணா மூவரும் போகவில்லை, ஏடிபி என்கிற ஆண்கள் தொழில்முறைப் போட்டிகளில் புள்ளி சேர்க்க வேண்டியிருந்தது. அப்போது பலர் திட்டினார்கள். நான் திட்டவில்லை. தரவரிசையை வைத்துத்தான் பிழைப்பு என்றால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் அவர்கள் இல்லாத இடத்தில் யார் ஆடினார்கள் என்று பார். சாகேத் மைனேனி சானியாவோடு கலப்பு இரட்டையரில் தங்கமும், சனம் சிங்கோடு இரட்டையரில் வெள்ளியும் வாங்கினார். யூகி பாம்ப்ரிக்கு ஒற்றையரில் வெண்கலம். சாகேத்தும் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கல்லூரி ஆட்டக்காரர்தான். 2023இல் ஹாங்சோவில் அதே சாகேத் நம் ராம்குமார் ராமநாதனோடு சேர்ந்து இரட்டையர் வெள்ளி வாங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் எனக்கு முதலில் மெசேஜ் அனுப்பினாய்.

இஞ்சியோனில் அணித் தங்கம் கஜகஸ்தானுக்கு. அதோடு சரி. 2018இல் ஜகார்த்தாவில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மட்டும் வைத்தார்கள், அணிப் போட்டியே இல்லை. எனக்கு அது தப்பாகத்தான் படுகிறது. நாடு நாடாகப் பிரிந்து ஆடுகிற விழாவில் நாட்டுக்காக ஆடுகிற போட்டியை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? தனி ஆட்டம் பார்க்க வருஷம் முழுக்க வேறு போட்டிகள் இருக்கின்றன.

சரி, உன் கதைக்கு வருகிறேன். உங்கள் கல்லூரி ஆட்டத்தில் மூன்று டபுள்ஸும் சேர்ந்து ஒரு புள்ளி, மூன்றில் இரண்டை எடுத்தவர்களுக்கு. பிறகு ஆறு ஒற்றையர், ஆளுக்கு ஒரு புள்ளி. நாலு எட்டினால் வெற்றி. முதல் இரண்டு டபுள்ஸ் ஆளுக்கொன்றாகப் பிரிந்தால் மீதி இருப்பது உன் கோர்ட்தான். ஆறு கேம் கொண்ட ஒரே செட், அட்வான்டேஜும் கிடையாது, 40-40 என்று டியூஸ் வந்தால் அடுத்த ஒரே பாயின்டில் கேம் முடிந்துவிடும். உன் ரிட்டர்னுக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறெங்கே கிடைக்கும்? கோச் உன்னை மூன்றாவது டபுள்ஸில் வைத்தது ஓரங்கட்டுவதற்காக என்று நீ நினைக்கிறாய். இருக்கலாம், அவரை எனக்குத் தெரியாது. ஆனால் நெட்டில் உன் கை நன்றாக இருக்கிறது, பேஸ்லைனில் நீ இன்னும் பொறுமை இழக்கிறாய். இதை நானும் உன்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தனியாகப் போவதன் கணக்கையும் போட்டுப் பார். அடிமட்டத்தில் இருப்பவை 15,000 டாலர் போட்டிகள். அது மொத்தப் பரிசுத் தொகை, ஒருவனுக்கு இல்லை. முதல் சுற்றில் தோற்றால் புள்ளி எதுவும் வராது, ஓட்டலும் விமானமும் உன் செலவு. ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவதிலிருந்து தோள்பட்டைக்கு ஐஸ் வைப்பது வரை இப்போது கல்லூரி பார்த்துக்கொள்கிறது. கோடை விடுமுறையில் இரண்டு போட்டிக்குப் போய் வா, அதற்குப் பணம் தருகிறேன், உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் சீசன் நடுவில் அணியை விட்டு வராதே. உன்னோடு ஆடுகிற பையன் ஜோடி இல்லாமல் நிற்பான்.

அந்தப் பையனைப் பற்றி நீ ஒன்றுமே சொல்லவில்லை. எந்த ஊர்? வலது கையா, இடது கையா? நீ எந்தப் பக்கம் ரிட்டர்ன் எடுக்கிறாய்? ஆட் பக்கம், அதாவது இடது பக்கம் என்றால் உன் பேக்ஹேண்ட் வீடியோ ஒன்று அனுப்பு, தோள் சீக்கிரமே திறந்துவிடுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அம்மா