நட்சத்திரக் குறியும் நாலாம் வேற்றுமையும்

மதுரை
17.11.2024

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதமும், தனுஷ்கோடிக்காரர்களைப் பேட்டி எடுத்து நீ தட்டச்சு செய்து கூடவே அனுப்பிய கோப்பும் வந்து சேர்ந்தன. கடிதத்தை ஒரு தடவையும் கோப்பை மூன்று தடவையும் படித்தேன். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 ராத்திரியைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறோம். ஆனால் பாம்பனிலிருந்து கிளம்பிய 653 பாசஞ்சர் ரயில் வந்து சேரும் என்று அடுப்பில் உலை வைத்துக் காத்திருந்த வீட்டைப் பற்றி நீ பேட்டி கண்ட பாட்டி ஒருத்தி சொல்லித்தான் கேட்கிறேன். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் பேத்தி சொன்னபடி மார்க்டவுன் குறிகள் (எழுத்துக்கு நடுவே நட்சத்திரம், கோடு என்று போட்டால் மெஷின் அதைத் தடிப்பாகவும் தலைப்பாகவும் மாற்றிக்கொள்ளும் முறை) போட்டுத் தட்டச்சு செய்திருக்கிறாய். அவள் அதை இணையப் பக்கமாக மாற்றியதும் சில இடத்தில் எழுத்து தடிக்கிறது, சில இடத்தில் நட்சத்திரம் அப்படியே தொங்குகிறது, ஒரு பேட்டியின் கடைசிப் பத்தி முழுக்கத் தலைப்பு மாதிரி பெரிதாகிவிட்டது, பாட்டு உரைநடையாகிவிட்டது. "தமிழ் என்றால் மெஷினுக்குப் புரியாதா?" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் இருந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. உன் கோப்பை என் கம்ப்யூட்டரில் போட்டு வரிவரியாகப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஒன்றிரண்டில் மட்டும் நம் மொழி நிஜமாகவே மாட்டிக்கொள்கிறது.

நம் அச்சகத்தை நினைத்துக்கொள். நீ கேஸ் (ஈய எழுத்துப் பெட்டி) முன்னால் நின்று எழுத்து கோத்த ஆறு வருஷமும் நான் உனக்குப் புரூஃப் திருத்திக் கொடுத்தேன். ஒரு சொல்லின் கீழ் நான் நெளிகோடு போட்டால் நீ தடித்த எழுத்துக் கேஸுக்குக் கை நீட்டுவாய். அச்சாகி வந்த புத்தகத்தில் நெளிகோடு இருக்காது, சொல் மட்டும் தடித்து நிற்கும். அப்படிக் கையெழுத்துப் பிரதியில் அச்சுக்கோப்பவருக்காகப் போடும் குறிப்புக்குத்தான் ஆங்கில அச்சகங்களில் மார்க்கப் என்று பேர். இணையப் பக்கத்தின் எச்டிஎம்எல் என்கிற பெயரில் இருக்கும் 'எம்' அந்த மார்க்கப்தான். கோண அடைப்புக்குள் 'இங்கே பத்தி தொடங்குகிறது', 'இங்கே அழுத்தம் முடிகிறது' என்று டேக் போட்டு எழுதுவார்கள். பிரவுசர் அதைப் படித்துப் பக்கத்தைக் கட்டும். ஆனால் டேக் நிறைந்த பக்கத்தை மனிதன் படிக்க முடியாது. புரூஃப் தாளில் எழுத்தை விடத் திருத்தக் குறி அதிகமாக இருந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

2004-இல் ஜான் க்ரூபர் என்ற அமெரிக்க எழுத்தாளர் இதற்கு ஒரு வழி செய்தார். அவருக்கு யோசனை சொல்லிக் கூட நின்றவன் ஆரோன் ஸ்வார்ட்ஸ் என்ற 17 வயதுப் பையன். அந்தப் பையன் 26 வயதில் இறந்துபோனான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அன்றைக்கு மின்னஞ்சலில் ஆட்கள் தாங்களாகவே ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள்: அழுத்திச் சொல்ல நட்சத்திரம், பட்டியலுக்குச் சிறு கோடு, மேற்கோளுக்கு வரி தொடக்கத்தில் ஓர் அம்புக்குறி. க்ரூபர் அந்தப் பழக்கத்தையே இலக்கணமாக்கி, அதை எச்டிஎம்எல்லாக மாற்ற பெர்ல் என்ற நிரல்மொழியில் ஒரு ஸ்க்ரிப்டும் (சின்ன நிரல்) எழுதினார். மார்க்கப்புக்கு எதிராக மார்க்டவுன் என்று பேர் வைத்தார். மாற்றாமல் அப்படியே படித்தாலும் கோப்பு படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த முதல் விதி. எனக்கு இந்த விதிமேல் பெரிய மரியாதை உண்டு. உன் கோப்பை நான் எந்தக் கருவியும் இல்லாமல் திறந்து படிக்க முடிந்ததும் அதனால்தான்.

(வாட்ஸ்அப்பில் ஒரு நட்சத்திரம் போட்டாலே எழுத்து தடிக்கும். மார்க்டவுனில் ஒன்று போட்டால் சாய்வு, இரண்டு போட்டால்தான் தடிப்பு. முதல் ஐந்து பக்கத்தில் எழுத்தெல்லாம் சாய்ந்து கிடந்ததற்கு இதுதான் காரணம். நம் அச்சகத்தில் தமிழுக்குச் சாய்வெழுத்தே கிடையாது, நினைவிருக்கிறதா? இன்றைக்கும் பல தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் சாய்வு வடிவம் இல்லை, பிரவுசர் நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அழுத்தம் வேண்டுமென்றால் எல்லா இடத்திலும் இரண்டு நட்சத்திரமே போடு.)

அடுத்து, அந்த மெஷின் எப்படிப் படிக்கிறது என்பதைச் சொல்கிறேன். க்ரூபரின் விளக்கத்தில் பல இடங்கள் தெளிவில்லாமல் இருந்தன. ஆளுக்கொரு கருவி செய்தார்கள், ஒரே கோப்பை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாற்றியது. 2014-இல் சிலர் கூடி காமன்மார்க் என்று ஒரு பொது விதித்தொகுப்பு கொண்டுவந்தார்கள். அதை எழுதுவதில் முன்னால் நின்றவர் ஜான் மெக்ஃபார்லேன், அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். 600-க்கு மேற்பட்ட எடுத்துக்காட்டுகள் போட்டு, 'இப்படி எழுதினால் இப்படித்தான் வர வேண்டும்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறது. உன் பேத்தி வைத்திருக்கும் கருவியும் அந்த விதிப்படி நடப்பதுதான், சோதித்துப் பார்த்துவிட்டேன்.

அதன் வேலை இரண்டு நடையில் முடியும். முதல் நடையில் வரிகளின் தொடக்கத்தைப் பார்த்து எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று பாத்தி கட்டும். இரண்டாம் நடையில் ஒவ்வொரு பாத்திக்குள்ளும் இறங்கி நட்சத்திரம், இணைப்பு எல்லாவற்றையும் பார்க்கும். நீ ஃபாரம் கட்டுவதற்கு (கோத்த பக்கங்களை அச்சுக்குச் சேர்த்து இறுக்குவதற்கு) முன் பக்கக் கணக்குப் போடுவாயே, கிட்டத்தட்ட அதே வரிசை.

உன் தொல்லைகளில் பாதி முதல் நடையில் வந்தவை. நீ ஒவ்வொரு பத்தியையும் ஐந்து ஸ்பேஸ் தள்ளித் தொடங்கியிருக்கிறாய், டைப்ரைட்டிங் வகுப்பில் படித்த பழக்கம். மார்க்டவுனில் வெற்று வரிக்குப் பிறகு நாலு ஸ்பேஸோ அதற்கு மேலோ தள்ளித் தொடங்கினால், அது கம்ப்யூட்டர் நிரல் என்று நினைத்துச் சாம்பல் பெட்டிக்குள் போட்டுவிடும். பத்திக்கு முன் ஒரு வெற்று வரி விட்டால் போதும், ஸ்பேஸ் வேண்டாம். பேட்டி முடிந்ததைக் காட்ட அடியில் சிறு கோடுகளாக ஒரு வரி இழுத்திருக்கிறாய் அல்லவா? ஒரு பத்தியை ஒட்டி அடியில் அப்படிக் கோடு வந்தால் மேலே இருப்பது தலைப்பு என்று பொருள். அதனால்தான் பாவம், அந்த வலைக்காரர் கடைசியாகச் சொன்ன ஏழு வரியும் கொட்டை எழுத்தில் வந்தது. கோட்டுக்கு மேலே ஒரு வெற்று வரி விடு, வெறும் கோடாகவே நிற்கும்.

"1964. அந்த மார்கழியில்..." என்று தொடங்கும் பத்தியும் அப்படித்தான். எண், புள்ளி, ஒரு இடைவெளி என்றால் பட்டியல். மெஷின் 1964-ஆம் உருப்படியிலிருந்து பட்டியல் போட ஆரம்பித்துவிட்டது. க்ரூபரின் பழைய ஸ்க்ரிப்டாக இருந்தால் 1964-ஐயே எடுத்துவிட்டு 1 என்று போட்டிருக்கும், வருஷமே காணாமல் போயிருக்கும். புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட்டால் 'இது வெறும் புள்ளி' என்று எடுத்துக்கொள்ளும். எந்தக் குறியையும் அப்படியே காட்ட இதுதான் வழி.

பாட்டு விஷயம் எனக்கே வலித்தது. வரிக்கு வரி நீ அழகாக மடக்கி எழுதியதை எல்லாம் சேர்த்து ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டது. அந்தக் கால மின்னஞ்சலில் வரியை நடுநடுவே உடைத்துத்தான் எழுதுவார்கள், அதை ஒரே பத்தியாகச் சேர்க்க வேண்டும் என்று வைத்த விதி நம் பாட்டை உடைக்கிறது. வரி முடிவில் இரண்டு ஸ்பேஸ் விட்டால் வரி மடங்கும் என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குறியை நான் நம்புவதில்லை, புரூஃப் பார்க்கிறவன் எதை வைத்துப் பார்ப்பான்? வரிக் கடைசியில் பின்சாய்கோடு போட்டாலும் காமன்மார்க் ஏற்றுக்கொள்ளும். பாட்டுக்கெல்லாம் அப்படியே போட்டு வைத்திருக்கிறேன்.

இனி நம் மொழி மாட்டிக்கொண்ட இடம். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன்.

நீ ஓரிடத்தில் _கரைவலை_யில் என்று அடிக்கோட்டுக் குறி போட்டிருந்தாய். அடிக்கோடு அப்படியே நின்றுவிட்டது. நிரல் எழுதுகிறவர்கள் பெயர்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதுவது வழக்கம், அதைக் கெடுக்கக் கூடாது என்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் வரும் அடிக்கோடு அழுத்தக் குறி ஆகாது என்று விதி வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் சொல் முடிந்தால் இடைவெளி வந்துவிடும். நமக்கு உருபு ஒட்டிக்கொண்டே வரும். 'யில்' வந்து ஒட்டியதும் மெஷின் கண்ணுக்கு அது ஒரே சொல்லின் நடுப்பகுதி. நட்சத்திரத்துக்கு இந்தத் தடை இல்லை, ஆகவே அடிக்கோட்டை அடியோடு விட்டுவிடு.

நட்சத்திரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. **"வாடை"**க்கு என்று எழுதியிருந்தாய், நாலு நட்சத்திரமும் அப்படியே நின்றன. நான் அரை நாள் உட்கார்ந்து விதியைப் படித்தேன். நட்சத்திரம் அழுத்தத்தைத் திறக்கிறதா மூடுகிறதா என்பதை இரு பக்கமும் இருக்கும் எழுத்தை வைத்துத்தான் மெஷின் முடிவு செய்கிறது. அதற்கு முன்னால் மேற்கோள் குறி மாதிரி நிறுத்தக்குறி இருந்து, பின்னால் உடனே எழுத்து வந்தால், அது மூடும் குறி ஆகாது. அந்த மாதிரி இடத்தில் மூட வேண்டுமென்றால் நட்சத்திரத்துக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வர வேண்டும். ஆங்கிலத்தில் 'க்கு' என்பது முன்னாலேயே தனிச் சொல்லாக வந்துவிடுகிறது, மேற்கோள் மூடிய பிறகு ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. நமக்கோ நாலாம் வேற்றுமை கடைசியில் வந்து ஒட்டுகிறது. சொல்லுக்கு நடுவே இடைவெளியே விடாத சீன, ஜப்பானிய மொழிக்காரர்களும் இதே இடத்தில் இடறுகிறார்கள்.

தீர்வு சின்னது: மேற்கோளை வெளியே வை, நட்சத்திரத்தை உள்ளே வை. "**வாடை**"க்கு என்று எழுதினால் ஒழுங்காகத் தடிக்கும். உன் கோப்பில் 31 இடத்தில் இப்படி மாற்றினேன். இந்த விதியை எழுதியவர்கள் முன்னால் ஒட்டுமொழி பேசுகிற ஒருவர் உட்கார்ந்து, 'எங்களுக்குச் சொல் இங்கே முடிவதில்லை ஐயா' என்று சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போதும் சொல்லலாம். என் மருமகனை உட்கார வைத்து ஆங்கிலத்தில் எழுதி அனுப்பப் போகிறேன்.

இன்னொன்று, உன் பேத்திக்கு. அத்தியாயத் தலைப்புகளுக்குக் கருவி தானாக முகவரி போடும்போது 'தனுஷ்கோடி' என்பது 'தனஷகட' ஆகியிருக்கிறது. சில நிரல்மொழிகளில் 'சொல்லில் வரும் எழுத்து' என்ற வகைக்குள் உயிர்க்குறியும் மெய்ப்புள்ளியும் சேர்வதில்லை, அவற்றைக் குப்பை என்று உதறிவிடுகின்றன. பக்கத்தில் தலைப்பு சரியாகவே தெரியும், ஆனால் இணைப்பை யாருக்காவது அனுப்பினால் ஊர்ப் பெயர் சிதைந்து போகும். அந்த ஊர் ஒரு தடவை சிதைந்தது போதும். முகவரியை அவளே கையால் கொடுக்கட்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, வேர்டில் அடித்துக் கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். 2001-இல் என் அப்பாவின் கடிதங்களை ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்து வாங்கினேன் அல்லவா? அந்தக் கடைக்காரர் சொந்த எழுத்துரு ஒன்றில் அடித்தார். கடை மூடியாயிற்று, எழுத்துரு போயிற்று. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் கீறலுமாக வருகிறது. 140 பக்கத்தையும் மூலத்தைப் பார்த்துத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறேன், 60 முடிந்திருக்கிறது. இந்தத் தடவை யூனிகோடு எழுத்தில், வெறும் உரைக்கோப்பாக, மார்க்டவுன் குறியோடு. மெக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்ட பாண்டாக் என்ற கருவி இருக்கிறது, அதே கோப்பை இணையப் பக்கமாகவும் வேர்டாகவும் மின்னூலாகவும் மாற்றித் தரும். கருவியே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படித்துக்கொள்ளலாம்.

வீட்டில் எல்லாரும் நலம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் ஏற மாட்டேன் என்கிறாள். தை பிறந்ததும் ராமேஸ்வரம் வருகிறோம். பையன் டிக்கெட் போட்டுவிட்டான்.

திருத்திய கோப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி, கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். 22-ஆம் பக்கத்துப் பாட்டில் மூன்றாம் வரியில் அந்தப் பாட்டி சொன்னது 'ஓடம்' என்றா 'ஓரம்' என்றா? இரண்டுமே பொருந்துகிறது. நேரில் போய்க் கேட்டு எழுது.

உன்,
புரூஃப் மேஜைக்காரன்