பன்னிரண்டு மாத நிலத்தில் ஐந்தாண்டுக் குழாயா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வறட்சிப் பகுதி விவசாயிகளுக்கான புதிய தொழில்நுட்பங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மண்ணில் செருகும் ஈரமானி, கைப்பேசியில் வானிலை, மருந்து தெளிக்கும் டிரோன், சூரிய ஒளியில் ஓடும் பம்பு என்று கட்டுரையாளர் வரிசையாகச் சொல்லியிருந்தார். எதுவும் பொய்யில்லை. ஆனால் இவற்றை வாங்கி எந்த நிலத்தில் பொருத்துவது, அந்த நிலம் அடுத்த ஆண்டும் நம் கையில் இருக்குமா என்ற கேள்வி கட்டுரையில் ஓரிடத்திலும் எழவில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் பகாவ் வட்டாரத்தில் காய்கறி போட்டுப் பிழைக்கும் எங்களுக்கு முதல் கேள்வியே அதுதான்.

மலேசியாவில் வறட்சியா என்று சிரிப்பவர்கள் உண்டு. தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடமாகச் சொல்லப்படும் எங்கள் பக்கத்து ஜெலுபுவில்கூட ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர் பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரி ஆயிரத்தைத் தொடுவதில்லை. அங்கிருந்து வரும் உறவினர்கள் இங்குள்ள பச்சையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் வெண்டைச் செடி ஆண்டுக் கணக்கில் தண்ணீர் குடிப்பதில்லை. சரளை கலந்த இந்தச் செம்மண் பெய்த மழையைப் பிடித்து வைக்காது; மூன்று வாரம் வானம் பொய்த்தால் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிடும். 2014 பிப்ரவரியில் நெகிரி செம்பிலான் மாநிலம் தண்ணீர் நெருக்கடியை அறிவிக்க நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வடக்கே பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி பதிவானதும் ஓர் எல் நினோ காலத்தில்தான்.

இந்த மண்ணின் குணம் பழைய கதை. ஜப்பான்காரன் ஆட்சியில், 1943-இன் இறுதியில் தொடங்கி, சிங்கப்பூரிலிருந்து யூரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் பகாவுக்குக் கொண்டுவந்து, காட்டை அழித்துப் பயிர் செய்து சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். பட்டணத்து மனிதர்கள், கையில் மண்வெட்டி. மலேரியாவும் சத்தில்லாத மண்ணும் சேர்ந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோயின. மேலிருந்து வரும் விவசாயத் திட்டம் எதைப் பற்றிப் படித்தாலும் எனக்கு அந்தக் குடியேற்றம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கொஞ்சம் குதர்க்கமான ஞாபகம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'காலநிலைக்கேற்ற வேளாண்மை' என்ற பெயரை ஐ.நா.வின் உணவு, வேளாண் நிறுவனம் 2010-இல் முன்வைத்தது. விளைச்சலைக் கூட்டுவது, மாறிவரும் வானிலையைத் தாங்குவது, வெப்ப வாயுக்களைக் குறைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது என்கிறார்கள். பெயர் புதிதே தவிர, அதில் பாதியை எங்கள் காய்கறிப் பாத்திக்கு அடுத்த வேலிக்கு அப்பால், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவே அடுக்குகிறார்கள். மறுநடவின்போது மண்ணை வெயிலுக்குத் திறந்து விடாமல், வடகிழக்கு இந்தியாவிலிருந்து வந்த மியூகுனா கொடியைப் படர விடுகிறார்கள். ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலையைக் கொண்டுவந்து மூடாக்காகப் பரப்புகிறார்கள். எக்டருக்கு 40 டன் வரைகூடப் போடுவதுண்டு. ஈரமும் நிற்கும், சாம்பல் சத்தும் இறங்கும். குவியலாகப் போட்டால் காண்டாமிருக வண்டு குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும் என்பதால் ஒற்றை அடுக்காகத்தான் பரப்ப வேண்டும். சரிவில் மழைநீர் தங்கக் குழிகள் வெட்டுகிறார்கள்.

தோட்ட நிர்வாகத்துக்கு மட்டும் இந்தப் பொறுமை எங்கிருந்து வருகிறது? செம்பனை வறட்சியை உடனே காட்டிக்கொடுக்காது. குருத்தோலைகள் விரியாமல் இரண்டு மூன்றாகச் சேர்ந்து நிற்பதைப் பார்த்து அனுபவசாலிகள் மட்டும் புரிந்துகொள்வார்கள். தண்ணீர் போதாத மரத்தில் ஆண் பாளை மிகுந்து, காய்க்கும் பெண் பாளை குறையும். அந்த நட்டம் தராசில் தெரிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். ஆகவே இன்றைய மூடாக்கின் பலனை இரண்டு ஆண்டு கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுச் செலவழிக்கிறார்கள். அப்படிக் கணக்குப் போட அவர்களால் முடிகிறது. நட்ட மரம் இருபத்தைந்து ஆண்டுகள் நிற்கும்; நிலப் பத்திரம் அதைவிட அதிகக் காலம் நிற்கும்.

வேலிக்கு இந்தப் பக்கம் நிலைமை வேறு. எங்களில் பலர், தோட்டம் கைமாறி, லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளைவிட்டு வெளியே வந்தவர்களின் பிள்ளைகள். சிலர் மின்கம்பி போகும் ஓரத்திலும் ஆற்றோரத்திலும் வாய்மொழிச் சம்மதத்தில் பயிர் செய்கிறார்கள். கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள் டி.ஓ.எல். என்று எல்லோரும் சொல்லும் தற்காலிக நில அனுமதி வைத்திருக்கிறார்கள். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி அந்த அனுமதி, கொடுக்கப்பட்ட ஆண்டின் டிசம்பர் 31-க்கு மேல் செல்லாது. மறுபடி கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலும் புதுப்பிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை. நாம் வாங்கித் தின்னும் கேமரன் மலை முட்டைக்கோசிலும் பெரும்பகுதி நெடுங்காலம் இப்படிப்பட்ட தாளை நம்பித்தான் விளைந்தது. நாட்டின் பல பகுதிகளில் ஜனவரி கடைசியிலிருந்து மழை ஒதுங்குகிறது. ஆக, வறட்சிக்குத் தயாராக வேண்டிய நேரமும் நிலம் உண்டா இல்லையா என்று காத்திருக்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன.

இப்போது சொட்டுநீர்ப் பாசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அதற்கு எதிரி இல்லை. காய்கறிக்கு அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் தடித்த சுவருள்ள குழாய் பல ஆண்டுகள் உழைக்கும், விலையும் அதிகம்; மெல்லிய நாடாக் குழாய் ஓரிரு பருவத்தில் கிழியும், விலை குறைவு. பன்னிரண்டு மாத நிலம் வைத்திருப்பவர் எதை வாங்குவார்? நாடாவைத்தான். கிழிந்ததும் அது வாய்க்காலில் பிளாஸ்டிக் குப்பையாகக் கிடக்கும். எங்கள் கிணற்று நீரில் இரும்புத் துரு அதிகம்; காற்றோட்டம் கொடுத்துத் தொட்டியில் தெளியவைத்து வடிகட்டாவிட்டால் சொட்டுவாய்கள் சில வாரங்களிலேயே அடைத்துக்கொள்ளும். தெளியவைக்கும் தொட்டி என்றால் சிமெண்டு, செங்கல். அனுமதி நீட்டிக்கப்படுமா என்றே தெரியாத நிலத்தில் செங்கல்லை அடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அதனால்தான் எங்கள் வட்டாரத்து இளைஞர்கள் மிளகாயைப் பையில் வளர்க்கிறார்கள். தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பிளாஸ்டிக் பைகள், இரண்டு தொட்டியில் உரக் கரைசல், நேரம் குறித்து ஓடும் பம்பு. நிலம் போனால் பைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது அதன் பெரிய கவர்ச்சி. விளைச்சலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சிறு பையில் எவ்வளவு ஈரம் தங்கும்? குழாய்நீர் ஒரு நாள் நின்றால், அல்லது மின்சாரம் போனால், மாலைக்குள் செடி துவண்டுவிடும். நல்ல மூடாக்கு போட்ட பாத்தி ஒரு வாரம் தாங்கும். வறட்சிக்கு மிகவும் பலவீனமான முறையை நோக்கி நிலச் சட்டமே விவசாயியைத் தள்ளிவிடுகிறது என்று நான் சொல்வது மிகையாகத் தோன்றினால், கட்டுரையாளர் எங்கள் பக்கம் ஒரு நடை வந்து பார்க்கட்டும்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிகள் நூறு விழுக்காடு மானியத்தில் கிடைப்பதைக் கட்டுரையாளர் பாராட்டியிருந்தார். பாராட்ட வேண்டியதுதான். அங்கேயும் விண்ணப்பத்தோடு சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைக் கேட்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம். நிலத்தின் பெயரில் தாள் இருப்பவருக்கே குழாய். வாய்மொழிக் குத்தகைக்காரர் அங்கேயும் வரிசைக்கு வெளியேதான் நிற்கிறார்.

வழி இல்லாமல் இல்லை. விவசாய இலாகாவின் நிரந்தர உணவு உற்பத்திப் பூங்காத் திட்டத்தில் மாநில அரசு நிலத்தை ஒதுக்கி, சாலை, வடிகால், நீர் வசதி செய்து, விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். அதே ஏற்பாட்டை ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர்காரர்களுக்கும் விரிக்கலாம். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால் கோலாலம்பூரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. தோட்ட நிறுவனங்களும் மரம் நட முடியாத ஓர நிலங்களுக்கு ஐந்தாண்டு எழுத்துப்பூர்வ அனுமதி தரலாம். திரும்ப எடுக்க வேண்டுமானால் ஓர் ஆண்டு முன்னறிவிப்பு கொடுக்கட்டும். வெறுங்குலையிலும் சில லாரி கொடுத்தால் நல்லது. ஆனால் ஆலைகள் இப்போது அதை எரிபொருளுக்கும் உரத்துக்கும் எடுத்துக்கொள்வதால் அதை நான் உரிமையாகக் கேட்கவில்லை.

1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களில் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டு நிலம் வாங்கினார்கள். இன்று ஒரு குழுவுக்கு ஈரமானிப் பெட்டியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வரும் தலைவர்களுக்குக் குறையில்லை. பெட்டி எங்கள் பொது மண்டபத்தின் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சட்டமன்றக் கூட்டத்துக்கு முன், தோட்டப்புறத் தொகுதிகளின் உறுப்பினர்களிடம் தங்கள் நிருபர் இரண்டே கேள்விகளைக் கேட்கட்டும்: உங்கள் தொகுதியில் தற்காலிக அனுமதியில் உணவுப் பயிர் செய்பவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு ஐந்தாண்டுக் குத்தகை வாங்கித் தரப் போகிறீர்கள்? பதில்களைப் பெயருடன் வெளியிடுங்கள். பதில் வராவிட்டால் அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
பகாவ், நெகிரி செம்பிலான்