செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன; மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் எடுத்துக்கொண்ட லேமினேட்டரைப் பற்றி நான் சொல்கிறேன்.

வீட்டில் பிசிபி (மின்சுற்றுக்கான செம்புப் போர்டு) செய்ய இதுவரை நமக்கு அயர்ன் பாக்ஸ்தான். சுற்றின் கோடுகளை லேசர் பிரிண்டரில் தாளில் அச்சடித்து, அந்த டோனர் மையைச் சூட்டால் போர்டின் செம்பில் ஒட்டவைப்போம். ஓரத்தில் டோனர் ஒட்டாது, நடுவில் நசுங்கி இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். அதனால் ஜெராக்ஸ் கடையில் கழித்துப்போட்ட ஏ4 லேமினேட்டர் ஒன்றை வாங்கினோம். அடையாள அட்டைக்கான மிஷினில் 1.6 மி.மீ. போர்டு எளிதில் நுழையுமா? ரோலரின் ஸ்பிரிங்கைத் தளர்த்திய பிறகுதான் நுழைந்தது.

அப்புறம் சூடு. தெர்மோஸ்டாட்டை மாற்றி 180 டிகிரிக்கு ஏற்றினோம். தாள் பழுத்தது, பிளாஸ்டிக் வாடை வந்தது, ஆனாலும் டோனர் பாதிதான் ஒட்டியது. போர்டு சூடேறும் முன்பே ரோலரைத் தாண்டிவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரை வைத்துப் பார்த்தோம், பலனில்லை. உள்ளே இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார். வோல்டேஜ் குறைந்தாலும் 50 ஹெர்ட்ஸ் கணக்குக்கே அது சுற்றும். கடைசியில் அர்டுயினோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டும், அது சொன்னபடி கரண்டை விட்டு நிறுத்தும் சாலிட் ஸ்டேட் ரிலேயும் வைத்து, மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டோம். சூட்டை 150-க்கு இறக்கியும் நான்கே முறையில் டோனர் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் ஊறிய தாளை விரலால் உருட்டி எடுத்தபோது, ஐசி கால்களுக்கு நடுவே போன கோடு அறுபடாமல் கறுப்பாக நின்றது. அன்று அறையில் இருந்த எல்லோரும் அந்தப் போர்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவர் தன் வீட்டு மிஷினில், சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் தெர்மல் ஃப்யூஸை எடுத்துவிட்டு ஒயரால் இணைத்திருந்தார். ஹீட்டர் ரிலே ஒட்டிக்கொண்டு சூடு ஏறிக்கொண்டே போனது. புகையைப் பார்த்து பிளக்கைப் பிடுங்கியதால் தப்பினார். சூட்டைக் கூட்டினால் அதற்கேற்ற டிகிரியில் வேறு ஃப்யூஸ் போடுங்கள், ஃப்யூஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். சால்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே ஃப்யூஸ் போய்விடும், கிரிம்ப் செய்யுங்கள், அதாவது உலோகக் குழாயை அழுத்தி இணையுங்கள். மெட்டல் பாடிக்கு எர்த்தும் கொடுங்கள்.

டோனர் மூடாத செம்பை அரித்தெடுக்கப் பயன்படுத்திய ஃபெரிக் குளோரைடை யாரும் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். சங்க அறையில் கேன் வைத்திருக்கிறோம், கொண்டுவந்து கொடுங்கள்.

வரும் ஆண்டில், டோனருக்குப் பதில் ஒளியில் இறுகும் ஃபிலிமைச் செம்பில் ஒட்டும் டிரை ஃபிலிம் முறையைப் பழக எண்ணம். அதற்கு 110 டிகிரி போதும் என்பதால் மாற்றம் செய்யாத இன்னொரு லேமினேட்டர் தேவை. யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்