பட்டாளத்து மாமாவுக்காக ஞாயிறு கூடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம்.

நம் பட்டாளத்து மாமா மறைந்து இன்றோடு பத்து நாள். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். குடும்பத்தோடு வாருங்கள்.

ரத்த உறவில்லை, அப்பாவின் பள்ளித் தோழர். அப்பா போன பிறகு, தங்கை திருமணத்தில் பந்தல்கால் நட்டது முதல் கடைசிப் பந்தி வரை நின்றவர் அவர்தான். அதை எப்படி மறப்பேன்?

நீலகிரி வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி, 1971 போரில் கிழக்கு முனை. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த டிசம்பர் 16 அன்று, ஆண்டுதோறும் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறப்பார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவருடைய படை எண். கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குத் தந்த பூர்வி ஸ்டார் பதக்கத்தைப் பழைய பனியன் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே வைத்துவிடுவார். சண்டையைப் பற்றிக் கேட்டால், திரும்பி வராத நண்பனின் ஊர்ப்பெயரை மட்டும் சொல்வார். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

அத்தையின் குடும்ப ஓய்வூதிய வேலை பாக்கி இருக்கிறது. இறப்பைப் பதிந்தாகிவிட்டது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அத்தையோடு போய்வர, விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். முடிந்தவர்கள் என்னை அழையுங்கள்.

மாமாவோடு எடுத்த பழைய படங்கள் இருந்தால் கொண்டு வாருங்கள். எந்த விசேஷத்துக்கும் ஐந்து நிமிடம் முன்பே வந்து நிற்பார். ஞாயிறன்று நாமும் 9.55-க்கே மாடியில் இருப்போம்.