செயற்கைக்கோள் படத்தோடு அது எடுக்கப்பட்ட நாளும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏரி சுருங்கியது, காடு குறைந்தது, கடல் கரையை அரித்தது என்னும் செய்திகளுடன் ‘அன்றும் இன்றும்’ என இரு செயற்கைக்கோள் படங்களை அருகருகே வெளியிடும் வழக்கம் நாளிதழ்களில் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அப்படங்களின் கீழ் பெரும்பாலும் ஆண்டு மட்டுமே அச்சாகிறது. மாதமும் நாளும், படமெடுத்த செயற்கைக்கோளின் பெயரும் விடுபட்டுப் போகின்றன. இது சிறு குறையன்று.

மழைக்காலம் முடிந்ததும் எடுத்த ஏரியின் படத்தையும் கடும் கோடையில் எடுத்த படத்தையும் அடுத்தடுத்து வைத்தால், ஆண்டுதோறும் நிகழும் பருவ மாற்றமே பேரழிவாகத் தோன்றிவிடும். பனியாறுகளின் எல்லையைக் குறிக்க, கோடையின் இறுதியில், புதுப்பனி விழுவதற்கு முன் எடுத்த படங்களையே ஆய்வாளர்கள் நாடுகிறார்கள். கடற்கரையிலோ நாள் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். சரிவு குறைந்த கரைகளில் ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் நீரின் விளிம்பு வெகுதூரம் நகர்வதால், அரிப்பு எது, ஓதம் எது என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டே படங்கள் எவ்வளவு ஏமாற்றக்கூடும் என்பதற்கு, மத்திய ஆசியாவில் பல பத்தாண்டுகளாகச் சுருங்கிவந்த பெரிய ஏரியான ஆரல் கடல் நல்ல சான்று. அதன் தெற்குப் பகுதியின் கிழக்குப் பிரிவு 2009இல் ஏறக்குறைய வறண்டது. 2010இல் ஓரளவு நீர் திரும்பியது. 2014இல் முற்றிலும் வறண்டது. முதல் இரண்டு ஆண்டுகளின் படங்களை மட்டும் பார்ப்பவர் கடல் மீள்கிறது என்றே நம்புவார். ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தில் எடுத்த படங்களின் வரிசைதான் உண்மையைக் காட்டியது.

கருவியின் பெயரும் அவ்வளவே முக்கியம். நிலப்பரப்பைப் படமெடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையான லேண்ட்சாட்டில், 1972இல் ஏவப்பட்ட முதலாவதன் படத்தில் ஏறத்தாழ 80 மீட்டருக்கும் குறைவான பொருளைப் பிரித்தறிவது கடினம். இன்றைய ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர் அகலம்தான். பழைய படத்தில் காணாத குட்டை புதிய படத்தில் தெரிந்தால், அது புதிதாக உருவானது என்று பொருளாகாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சேர்த்து ஆக்கிய படங்கள் பலவற்றில் செழித்த தாவரம் சிவப்பாகத் தெரியும் என்பதையும் யாராவது சொன்னால்தான் வாசகருக்குத் தெரியும். ரேடியோ அலைகளை அனுப்பி மேகத்தையும் ஊடுருவி எடுக்கும் ரேடார் படமும், விமானத்திலிருந்து லேசர் கதிர்களைச் செலுத்தி மரங்களுக்கு அடியிலுள்ள நிலத்தின் மேடுபள்ளங்களை அளக்கும் லைடார் படமும் சாதாரண ஒளிப்படங்களே அல்ல. விளக்கமின்றி அவற்றை அச்சிடுவதில் பயனில்லை.

லேண்ட்சாட்டின் படத்தொகுப்பு 2008 முதல் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நாளும் கருவியும் தெரிந்தால், ஆர்வமுள்ள மாணவர் ஒருவரே மூலப்படத்தைத் தேடியெடுத்துச் செய்தியைச் சரிபார்க்க முடியும். எனவே, இத்தகைய ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த நாள், செயற்கைக்கோள், வண்ணங்களின் பொருள் ஆகியவற்றை ஒரு வரியிலேனும் தங்கள் நாளிதழ் அச்சிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்