நான் சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? – மேல்முறையீடு விசாரிக்கும் நீதிபதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை நீதிபதிகளுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் சார்பு நீதிமன்றங்களிலும் மாவட்ட நீதிமன்றங்களிலும் உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீடுகளையும் அவற்றோடு வரும் மனுக்களையும் விசாரிக்கிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் ஒரு வக்கீல் குமாஸ்தா. கொங்குப் பக்கம் ஒரு தாலுகா ஊரில் 28 வருடமாக வழக்குக் கட்டுத் தூக்குகிறேன், நகல் மனு போடுகிறேன், டைரியில் வாய்தா குறிக்கிறேன். தீர்ப்பு நகல் வந்ததும் கட்சிக்காரருக்கு முதலில் படித்துச் சொல்பவன் பெரும்பாலும் நான்தான். வக்கீல் ஐயா அடுத்த கேஸுக்குப் போய்விடுவார். தாளைக் கையில் வாங்கியவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

சில மாதங்களுக்கு முன் அப்படி உட்கார்ந்தவர் 71 வயது அம்மா ஒருவர். ஊரும் பெயரும் வேண்டாம். அவருடைய காட்டுக்கு, அதாவது விளைநிலத்துக்கு, போகிற வண்டித்தடத்தைப் பக்கத்துக் காட்டுக்காரர் முள் போட்டு அடைத்துவிட்டார். மாமனார் வாங்கிய கிரயப் பத்திரத்தில் 'மாமூல் தடபாத்தியம்', அதாவது வழக்கமாகப் போய்வரும் வழி உரிமை, என்று தெளிவாக எழுதியிருக்கிறது. முன்சீப் கோர்ட்டில் அம்மா ஜெயித்தார். அங்கே கோர்ட் நியமித்த கமிஷனர் நேரில் போய்ப் பார்த்து, இரண்டு பக்கமும் பழைய வேலி இருப்பதையும் நடுவில் சக்கரம் பதிந்த தடம் இருப்பதையும் படம் வரைந்து கொடுத்திருந்தார். எதிர்த்தரப்பு அப்பீல் போனது. அப்பீலில் தீர்ப்பு ரத்தாகி வழக்கு தள்ளுபடியானது.

தீர்ப்பு 11 பக்கம். பிராது சுருக்கம், எதிருரை சுருக்கம், கீழ்க்கோர்ட் தீர்ப்பின் சுருக்கம், இரு தரப்பு வக்கீல்களும் காட்டிய முன்தீர்ப்புகளின் பட்டியல் என்று எட்டரைப் பக்கம் போகிறது. பிறகு, 'வாதி தன் வழக்கைத் தக்க சான்றுகளால் நிரூபிக்கத் தவறிவிட்டார் என்று இந்நீதிமன்றம் கருதுகிறது' என்று ஒரு வாக்கியம். அதன் கீழே உத்தரவு. கமிஷனர் அறிக்கை எங்கே என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில் சான்றாவணப் பட்டியலில், 'நீ.சா.ஆ.1' (நீதிமன்றச் சான்றாவணம் 1) என்று ஒரே ஒரு இடத்தில் இருந்தது. கிரயப் பத்திரத்தின் தேதி இருந்தது. அதில் எழுதியிருக்கும் தடபாத்தியத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "தம்பி, நாஞ் சொன்னது எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?" என்றார்.

இந்தக் கடிதம் அந்தக் கேள்விக்காகத்தான். அவர் தோற்றது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பத்திரத்தில் சொன்ன தடம் வேறு சர்வே எண்ணில் போயிருக்கலாம். கமிஷனர் பார்த்தது வேறு தடமாக இருக்கலாம். நீதிபதி அப்படி நினைத்திருந்தால், அதை நாலு வரியில் எழுதியிருந்தால், அந்த அம்மாவிடம் நான் விரல் வைத்துக் காட்டியிருப்பேன்.

முதல் மேல்முறையீடு எவ்வளவு கனமானது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கட்சிக்காரரின் இடத்திலிருந்து பார்க்கும்போது அது எப்படித் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். சாட்சி சொன்னதை, பத்திரத்தை, படத்தை முழுதாகப் புரட்டிப் பார்க்கிற கடைசி இடம் அதுதான். அதற்கு மேலே இரண்டாவது அப்பீல் என்றால் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு. முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் கதவு திறக்கும். ஆகவே நடந்தது என்ன என்பதை முதல் அப்பீல் முடிவு செய்துவிட்டால் பெரும்பாலும் அதுவே நிலைக்கும். இதனால்தான் அதே சட்டத்தின் கட்டளை 41, விதி 31, அப்பீல் தீர்ப்பில் நான்கு விஷயங்கள் இருந்தே ஆக வேண்டும் என்கிறது: தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், அவற்றின் மீதான முடிவு, முடிவுக்கான காரணம், கீழ்க்கோர்ட் தீர்ப்பை மாற்றினால் அப்பீல்தாரருக்குக் கிடைக்கும் பரிகாரம். 2001ல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. கீழ்க்கோர்ட் தீர்ப்பை உறுதிப்படுத்தும்போது அதன் காரணங்களோடு பொதுவாக ஒத்துப்போகிறேன் என்று சுருக்கமாக முடிக்க இடமுண்டு. மாற்றும்போது அப்படி முடியாது. அந்தத் தீர்ப்பின் காரணங்களை நேருக்கு நேர் எதிர்கொண்டு, ஏன் ஏற்கவில்லை என்று சொல்லியாக வேண்டும்.

விசாரணை நீதிபதிதான் சாட்சியை நேரில் பார்த்தவர். கூண்டில் நின்றவர் எந்த இடத்தில் தயங்கினார், எந்தக் கேள்விக்குப் பட்டென்று பதில் சொன்னார் என்பது அவருக்குத் தெரியும். மேலே போவது தட்டச்சு செய்த தாள் மட்டும்தான். குற்ற வழக்கில் விடுதலைத் தீர்ப்பை அப்பீலில் மாற்றும்போது இந்தக் கவனம் இன்னும் கூடுதல் என்று 2007ல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்ற அனுமானம் எவருக்கும் உண்டு. விடுதலையான பிறகு அது இரட்டிப்பாகிறது.

காரணம் எழுதாத தீர்ப்பு உங்கள் வேலையைக் குறைப்பதும் இல்லை. முக்கியச் சான்றைப் பார்க்கவே இல்லை என்பதையே சட்டக் கேள்வியாக வைத்து இரண்டாவது அப்பீல் போடலாம். அது ஏற்கப்பட்டால் பல நேரம் கட்டு மறுபடி கீழேயே திரும்புகிறது. எங்கள் வக்கீல் ஐயா இதைத்தான் அந்த அம்மாவிடம் சொன்னார், 90 நாள் அவகாசம் இருக்கிறது என்றும் சொன்னார். அவர் விரல் விட்டு எண்ணினார். மேலே போக எத்தனை வருடம், அங்கிருந்து இறங்க எத்தனை வருடம், மறுபடி விசாரிக்க எத்தனை வருடம். பிறகு வேண்டாம் என்று தலையாட்டினார்.

தோற்றவர் எல்லோரும் இப்படிப் போவதில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும். ஒருவர் 212 நாள் தாமதமாக அப்பீல் போட்டு, தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு கொடுத்திருந்தார். மஞ்சள் காமாலை என்று காரணம். மனு தள்ளுபடி. உத்தரவு இரண்டே பக்கம்தான். ஆனால் அந்த இரண்டு பக்கத்தில், டாக்டர் சான்றிதழ் 40 நாளுக்குத்தான் இருக்கிறது, மீதி நாட்களில் மனுதாரர் சார்பதிவாளர் அலுவலகம் போய் ஒரு கிரயம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதன் நகலை எதிர்த்தரப்பு தாக்கல் செய்திருக்கிறது என்று நீதிபதி வரிசையாக எழுதியிருந்தார். நான் படித்து முடித்தேன். "சரிதானுங்க, அய்யா முழுசாப் பாத்திருக்கறாரு" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். மேற்கொண்டு சீராய்வு எதுவும் போடவில்லை.

தாமத மனுவில் எத்தனை நாள் என்ற எண் முடிவு சொல்வதில்லை. 1987ல் காட்டிஜி வழக்கில் அரசு 4 நாள் தாமதமாக வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்டு நியாயத்தை நெரிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதை மன்னித்தது. 2012ல் அஞ்சல் துறை 427 நாள் தாமதமாக வந்தது. கோப்பு மேசை மேசையாக நகர நேரமாகும் என்ற காரணத்தை ஏற்கவில்லை, அரசுக்குத் தனிக் காலவரையறை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு குமாஸ்தாவுக்கே வழி புரிகிறது. ஆனால் 'இருதரப்பும் கேட்கப்பட்டது. கோப்பு பரிசீலிக்கப்பட்டது. மனுவில் தகுதியில்லை. தள்ளுபடி' என்ற உத்தரவு வரும்போது, இவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எவராலும் சொல்ல முடியாது. அந்த நாலு வாக்கியத்தை எந்த மனுவில் ஒட்டினாலும் பொருந்தும்.

விபத்து இழப்பீட்டு அப்பீல்களைப் பாருங்கள். அங்கே என் வேலை சுலபம். உச்ச நீதிமன்றத்தில் 2009ல் சரளா வர்மா வழக்கும் 2017ல் பிரணய் சேத்தி வழக்கும் கணக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டன. உதாரணமாக, இறந்தவருக்கு 32 வயது, சொந்தத் தொழில், மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார். எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 15,750. வருடத்துக்கு 1,89,000. அந்த வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக வருமான இழப்புக்கு மட்டும் 30,24,000 ரூபாய். எட்டாம் வகுப்பு படித்த அந்த மனைவி சிலேட்டில் போட்டுச் சரிபார்க்கலாம். அப்பீலில் தொகை குறைந்தாலும், வருமானத்தை எவ்வளவாக எடுத்தார்கள், ஏன் குறைத்தார்கள் என்று அவர் கேட்க ஒரு இடம் இருக்கிறது. பாகப்பிரிவினைக்கும் தடத்துக்கும் இப்படிப் பெருக்கல் வாய்ப்பாடு போட முடியாது, தெரியும். ஆனால் முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்ற படிகளைக் காட்ட முடியும்.

ஸ்டே, அதாவது தடையாணை, பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பீல் போட்டதாலேயே கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றுவிடாது என்று கட்டளை 41, விதி 5 சொல்கிறது. நிறுத்தக் கேட்பவர் தனக்கு வரும் பெரிய நஷ்டத்தைக் காட்ட வேண்டும், தோற்றால் தீர்ப்புப்படி நடப்பதற்கு ஜாமீன் தர வேண்டும். 2018ல் ஸ்டே ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. மாற்றியது சரிதான், கட்சிக்காரர் தவறே செய்யாமல், வாய்தா தள்ளிப்போனதால் மட்டும் பாதுகாப்பை இழக்கக் கூடாது. ஆனால் இனி காலண்டர் உங்களுக்குப் பதிலாக முடிவு எடுக்காது. ஜெயித்த தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்பவருக்கும் ஒரு காரணம் எழுதித் தாருங்கள்.

உங்கள் சுமை எனக்குத் தெரியாதது அல்ல. காலைப் பட்டியல் ஒட்டும் பலகையைத் தினமும் பார்ப்பவன் நான். சாயங்காலம் ஆறரைக்கும் சேம்பரில் விளக்கு எரிவதையும், சுருக்கெழுத்தர் இல்லாமல் நீதிபதியே தட்டச்சு செய்வதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நீளமாக எழுதுங்கள் என்று கேட்கவில்லை. வழக்குரைகளை எட்டுப் பக்கம் திருப்பி எழுத வேண்டாம். தோற்பவரின் வாதங்களில் எது மிக வலுவானதோ அதை அவர் சொன்னபடியே ஒரு பத்தியில் எழுதுங்கள். அடுத்த பத்தியில் ஏன் அது நிற்கவில்லை என்று எழுதுங்கள். அந்த இரண்டு பத்தி போதும்.

இன்னொன்று தமிழ். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுத ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்திருக்கிறது. எழுதுகிற நீதிபதிகளுக்கு நான் நன்றி சொல்கிறேன். உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவு ஆங்கிலத்தை வைத்திருக்கிறது. தமிழை அங்கே வழக்காடு மொழியாக்க 2006ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, இன்னும் கைகூடவில்லை. அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை, ஆங்கிலத் தீர்ப்போடு ஒரே ஒரு பக்கம் தமிழில் காரணச் சுருக்கம் தரலாமே. உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிடுகிறது.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. முன்சீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862ல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியதும் அதே 1862ல்தான். கணினியும் மொழிபெயர்ப்பு மென்பொருளும் இல்லாத காலத்தில், பகலெல்லாம் வழக்கு விசாரித்த ஒரு மனிதர், 56 வருடத் தீர்ப்புகளை மையில் தொட்டு எழுதியிருக்கிறார்.

அந்த அம்மா கிளம்பும்போது நகலை நாலாக மடித்து மஞ்சள் பையில் ரேஷன் கார்டோடு வைத்தார். வாசல்படியில் நின்று திரும்பி, "பெரியவங்க எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தானுங்க எழுதியிருப்பாங்க?" என்று கேட்டார். "ஆமாங்கம்மா" என்றேன். அந்தப் பதினோரு பக்கத்தில் அதற்கு ஆதாரமாகக் காட்ட என்னிடம் ஒரு வரியும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா